சுண்ணாம்பும் செங்கல் தூளும் கொண்டு அணை கட்டிய பென்னிகுவிக்



ஜனவரி 15 என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பொங்கல் லீவு, கரும்பு, பனங்கிழங்கு. ஆனால் தேனி மாவட்டத்தில் பாலார்பட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே அன்றைக்கு ஒரு வெள்ளைக்காரர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைப்பார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் அந்தப் பக்கம் உண்டு. அவர் ராஜா இல்லை, சாமியார் இல்லை, ஒரு இஞ்சினியர். அவர்தான் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக். அவர் வாழ்க்கையையும், சிமெண்ட் இல்லாமலே அவர் எப்படி அவ்வளவு பெரிய அணை கட்டினார் என்பதையும் இந்தத் தாளில் பார்ப்போம்.

பிறப்பும் படிப்பும்

பென்னிகுவிக் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி நம் நாட்டில் பூனா நகரத்தில் பிறந்தார். அப்பா பெயரும் ஜான் பென்னிகுவிக்தான். அவர் ஆங்கிலேயப் படையில் பெரிய அதிகாரி. 1849 ஜனவரி 13-ஆம் தேதி பஞ்சாபில் சில்லியன்வாலா என்ற இடத்தில் சீக்கியர்களோடு நடந்த சண்டையில் அவர் இறந்துபோனார். அதே நாளில் அதே இடத்தில் அண்ணன் ஒருவரும் இறந்துபோனார். அப்போது நம்ம பென்னிகுவிக்குக்கு எட்டு வயது முடிய இரண்டே நாள்தான் பாக்கி. யோசித்துப் பாருங்கள், மூன்றாம் வகுப்பு படிக்கிற வயசு.

பிறகு அவர் இங்கிலாந்தில் படித்தார். அடிஸ்கோம்ப் என்ற இடத்தில் இருந்த ராணுவக் கல்லூரியில் படித்து முடித்து, 1860-இல் சென்னை மாகாணத்துக்கு இஞ்சினியராக வந்தார். அப்போது அவருக்கு 19 வயது. நடுவில் 1868-இல் அபிசீனியா நாட்டுப் படையெடுப்புக்குப் போய் வந்தார். அபிசீனியா என்பது இப்போதைய எத்தியோப்பியா. அதற்குப் பிறகு பொதுப்பணித் துறையில் பாசன வேலைதான் அவருக்குச் சோலியாக ஆகிவிட்டது.

மேற்கே ஓடின ஆறு

நமக்குத் தாமிரபரணி இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணையில் இருந்து வாய்க்கால் வழியாக கடம்பாகுளத்துக்குத் தண்ணி வருகிறது. அந்தத் தண்ணி வராவிட்டால் நம்ம பக்கம் நெல்லும் இல்லை, வாழையும் இல்லை. மதுரை, ராமநாதபுரம் பக்கம் வைகை ஆறு உண்டு, ஆனால் பாதி நாள் மணல்தான் தெரியும். 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான பேர் சாப்பாடு இல்லாமல் செத்துப்போனார்கள்.

ஆனால் அதே மதுரைக்கு மேற்கே மலைக்கு அந்தப்பக்கம் பெரியாறு ஓடிக்கொண்டிருந்தது. நிறையத் தண்ணி. எல்லாம் மேற்கே போய் அரபிக்கடலில் கலந்தது. அந்தத் தண்ணியை மலையிலேயே மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பிவிட்டால் என்ன என்று பல பேர் யோசித்திருக்கிறார்கள். 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதற்கு ஏற்பாடு பண்ணிப் பார்த்தார். செலவு அதிகம் என்று நின்றுவிட்டது. 1808-இல் கால்டுவெல் என்ற ராணுவ இஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு இது நடக்காத காரியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். (இவர் நம்ம இடையன்குடி கால்டுவெல் ஐயர் இல்லை, வேறு ஆள்.) 1850-இல் ஒரு தடவை வேலை தொடங்கினார்கள். காட்டுக் காய்ச்சலுக்குப் பயந்து கூலி ஆட்கள் அதிக சம்பளம் கேட்டதால் அதுவும் நின்றது.

1882-இல் இந்தத் திட்டம் பென்னிகுவிக் கையில் வந்தது. புதிய திட்டமும் கணக்கும் போட்டுக் கொடுத்தார். 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 வருஷத்துக்குக் குத்தகை ஒப்பந்தம் போட்டார்கள். 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய். 1887-இல் வேலை தொடங்கியது.

சிமெண்ட் இல்லாத காலம்

இங்கேதான் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்றைக்கு ஒரு திண்ணை கட்டினாலும் முதலில் சிமெண்ட் மூட்டைதான் வாங்குவோம். 1887-இல் நம் நாட்டில் ஒரு சிமெண்ட் ஆலைகூட கிடையாது. சிமெண்ட் வேண்டும் என்றால் இங்கிலாந்தில் இருந்து பீப்பாயில் அடைத்துக் கப்பலில் வரவேண்டும். அதைத் துறைமுகத்தில் இறக்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, யானை நடமாடும் காட்டு மலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். ஒரு அணைக்கு வேண்டிய அளவுக்கு அப்படிக் கொண்டுபோவது லேசான காரியம் இல்லை.

(உங்களுக்குத் தெரியுமா? இந்தியாவில் ஆரம்ப காலத்தில் சிமெண்ட் தயாரிக்கப் பார்த்த இடங்களில் நம் சென்னையும் ஒன்று. 1904-இல், கடல் சிப்பியைச் சுட்டு! ஆனால் அது நிலைக்கவில்லை. 1914-இல்தான் குஜராத்தில் போர்பந்தரில் சிமெண்ட் ஆலை சரியாக ஓடத் தொடங்கியது.)

அதனால் அணைக்கு நம் நாட்டுப் பொருளையே எடுத்துக்கொண்டார்கள். ஒன்று சுண்ணாம்பு. இன்னொன்று சுர்க்கி. சுர்க்கி என்றால் பெரிய மருந்து இல்லை, சுட்ட செங்கல்லை நைஸாக இடித்த தூள், அவ்வளவுதான். மலை அடிவாரத்தில் இருந்து சுண்ணாம்புக் கல்லை இரும்புக் கயிற்றில் தொங்கவிட்டு மலைக்கு மேலே ஏற்றினார்கள். அதைச் சுட்டு நீற்றி, செங்கல் தூளும் மணலும் சேர்த்து அரைத்துக் காரை ஆக்கினார்கள். அணையின் முன்பக்கமும் பின்பக்கமும் இந்தக் காரை வைத்துக் கட்டிய கருங்கல் கட்டு. நடுவயிறு முழுக்க இதே காரையில் ஜல்லியைக் கலந்து போட்ட கான்கிரீட். கட்டும்போது உள்ளே இரும்புக் கம்பி எதுவும் வைக்கவில்லை. தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கிற அணை அது.

செங்கல் தூள் என்ன செய்கிறது?

வெறும் சுண்ணாம்பு வைத்துக் கட்டினால் ஆகாதா? ஆகாது. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் அதில் இருந்து கரியமில வாயு வெளியே போய்விடும். தண்ணி ஊற்றினால் புஸ்ஸென்று கொதித்து நீறும். சுவரில் பூசினபிறகு அது காற்றில் இருந்து திரும்பவும் கரியமில வாயுவை இழுத்துக் கல்லாகும். அதாவது அதற்குக் காற்று வேண்டும். தண்ணிக்குள்ளே காற்றுக்கு எங்கே போவது? அணையின் நடுவயிற்றுக்குக் காற்று எப்படிப் போகும்? அங்கே வெறும் சுண்ணாம்பு கூழாகவே கிடக்கும்.

செங்கல் என்பது சுட்ட களிமண். சுட்ட களிமண்ணில் சிலிக்காவும் அலுமினாவும் இருக்கிறது. அதை நைஸாக அரைத்து ஈரச் சுண்ணாம்போடு சேர்த்தால், இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்து ஒரு புதுப் பசை உண்டாகிறது. இந்தப் பசைக்குக் காற்று தேவையில்லை, ஈரம்தான் தேவை. தண்ணிக்குள்ளேயும் இறுகும். இன்றைய சிமெண்ட் இறுகுவதும் இதே இனத்துப் பசையால்தான் என்று எங்கள் அறிவியல் டீச்சர் சொல்லித் தந்தார்கள்.

நாங்கள் வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். ஒரு சிரட்டையில் நீற்றின சுண்ணாம்பு மட்டும். இன்னொரு சிரட்டையில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு செங்கல் தூள். இரண்டையும் ஈரச் சாக்கு போட்டு மூடி ஒரு மாதம் வைத்திருந்தோம். பிறகு வாளித் தண்ணியில் போட்டோம். முதல் வில்லை கொஞ்ச நேரத்தில் கரைந்து தண்ணி பாலாகிவிட்டது. செங்கல் தூள் சேர்த்த வில்லை மறுநாளும் அப்படியே கிடந்தது. (சுண்ணாம்பு கையைச் சுடும், கண்ணில் பட்டால் ரொம்ப ஆபத்து. டீச்சர் இல்லாமல் யாரும் செய்யாதீர்கள்.)

இது பென்னிகுவிக் கண்டுபிடித்தது இல்லை. 2,000 வருஷத்துக்கு முன்னாலேயே ரோமாபுரிக்காரர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து துறைமுகம் கட்டினார்கள். இத்தாலியில் போஸுவோலி என்ற ஊர்ப் பக்கம் அந்தச் சாம்பல் கிடைத்ததால், இப்படிச் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் தூளுக்கெல்லாம் போஸலானா என்று பெயர் வந்தது. நம் நாட்டுக் கொத்தனார்களுக்கும் செங்கல் தூள் சங்கதி ரொம்ப காலமாகத் தெரியும். நம்ம பக்கம் பழைய வீடுகளுக்கு கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் ஊற்றி, கல் சக்கரத்தை மாடு கட்டி இழுத்துச் சுண்ணாம்பு அரைத்ததை வயசானவர்கள் சொல்லுவார்கள். பென்னிகுவிக்கின் பெருமை என்னவென்றால், கொத்தனார் கைப்பழக்கத்தை நம்பி ஒரு பெரிய ஆற்றையே மறித்ததுதான்.

வெள்ளம் கொண்டுபோன வேலை

காரை இறுக வேண்டும் என்றால் அதற்கு நாள் கொடுக்க வேண்டும். ஆனால் பெரியாறு நாள் கொடுக்குமா? ஆற்றைத் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டு நடுவில் அஸ்திவாரம் போட வேண்டும். மண்ணும் கல்லும் மரமும் போட்டு மறிப்பார்கள். மலையில் மழை பெய்யும். ஒரே ராத்திரியில் வெள்ளம் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். திரும்பவும் மறிப்பார்கள். திரும்பவும் போகும். இப்படி ஒரு தடவை இல்லை, பல தடவை நடந்தது.

இந்த வேலையில் சென்னைப் படையின் பயனியர் வீரர்கள் இருந்தார்கள். கொச்சியில் இருந்து போர்த்துக்கீசியத் தச்சர்கள் வந்திருந்தார்கள். ஏராளமான கூலி ஆட்கள் கல் சுமந்தார்கள், செங்கல் இடித்தார்கள். மலேரியாக் காய்ச்சலும் காலராவும் நூற்றுக்கணக்கான பேரைக் கொண்டுபோயிற்று. அணைக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பென்னிகுவிக் பெயர் நமக்குத் தெரியும். செங்கல் இடித்த கைகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? அவர்களையும் நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

பென்னிகுவிக் தன் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணையை முடித்தார் என்று தேனிப் பக்கம் சொல்லுவார்கள். அதற்கு எழுத்து ஆதாரம் கிடைக்கவில்லை என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். அதனால் நான் அதை வாய்மொழிக் கதையாக மட்டுமே இங்கே சொல்கிறேன். ஆனால் தண்ணி வந்து வயிறு நிறைந்த ஜனங்கள் ஒரு மனுஷனைப் பற்றி அப்படி ஒரு கதை சொல்லுகிறார்கள் என்றால், அவர்மேல் எவ்வளவு பாசம் இருக்க வேண்டும்!

தண்ணி கிழக்கே வந்தது

1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு தண்ணீரைத் திறந்துவைத்தார். அடி அஸ்திவாரத்தில் இருந்து பார்த்தால் அணை 176 அடி உயரம். ஒரு மாடி 10 அடி என்று வைத்தால் 17 மாடிக்கும் மேல். நீளம் 1,200 அடி. மலையைக் குடைந்த சுரங்கம் ஒரு மைலுக்கும் கொஞ்சம் கூட. அதன் வழியாக மேற்கே போன ஆறு கிழக்கே திரும்பி, கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் சேர்ந்தது. இன்றைக்குத் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்ட ஜனங்களும் அந்தத் தண்ணியை நம்பி இருக்கிறார்கள்.

பிறகு பென்னிகுவிக் இங்கிலாந்துக்குத் திரும்பி, கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் இருந்த இஞ்சினியரிங் கல்லூரிக்குத் தலைவர் ஆனார். 1899-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய், பிரிஸ்பேன் ஆற்றில் வெள்ளத்தை எப்படித் தடுப்பது என்று ஆராய்ந்து சொன்னார். வெள்ளத்தைப் பற்றி அவரைவிட யாருக்கு அதிகம் தெரியும்? 1911 மார்ச் 9-ஆம் தேதி இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற ஊரில், 70-ஆவது வயதில் காலமானார். 2013 ஜனவரி 15-இல் தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பில் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. 2022-இல் கேம்பர்லியிலும் சிலை வைத்தது.

அணைக்கு வயசாகிறதே?

இதை எழுதாமல் விட்டால் கட்டுரை முழுசாகாது. அணை கட்டி 125 வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது. செங்கல் தூளோடு சேராத மிச்சச் சுண்ணாம்பு, கசிகிற தண்ணியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே வரும். இது சுண்ணாம்புக் கட்டடத்தின் பலவீனம். அதனால் 1930-களில் அணையில் துளை போட்டு உள்ளே சிமெண்ட் பால் ஏற்றினார்கள். 1979-க்குப் பிறகு அணைக்கு மேலே கான்கிரீட் தொப்பி போட்டார்கள், இரும்புக் கம்பி வடங்களை அஸ்திவாரப் பாறை வரைக்கும் இறக்கி இழுத்துக் கட்டினார்கள், பின்னால் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். அணை பலமாகத்தான் இருக்கிறது, 142 அடி வரைக்கும் தண்ணி தேக்கலாம் என்று 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ஆனாலும் அணைக்குக் கீழே இடுக்கியில் குடியிருக்கிற நம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு மழைக்கால ராத்திரியில் பயம் இருக்கும்தானே? அந்தப் பயமும் உண்மை. வைகை விவசாயியின் வயிறும் உண்மை. ரெண்டு பக்கமும் ஜனங்கள்தான். அணையைச் சண்டைப் பொருளாகப் பார்க்காமல், வயசான தாத்தாவை மாதிரி அடிக்கடி சோதித்துப் பார்த்துக் காப்பாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

நம்ம ஊர் சுர்க்கி

இப்போ நம்ம தூத்துக்குடிக்கு வருவோம். அனல்மின் நிலையம் 1979-இல் ஓடத் தொடங்கியது. நிலக்கரி எரிந்தபின் புகையோடு பறக்கிற நைஸான சாம்பலைப் பிடித்து வைப்பார்கள். ரொம்ப நாளாக அதைக் குப்பை என்றுதான் நினைத்தார்கள். குளம் வெட்டி அதில் கொட்டினார்கள். காற்றடித்தால் வீட்டுக்குள் வரும், துணியில் படியும். ஆனால் அந்தச் சாம்பலிலும் சிலிக்காவும் அலுமினாவும்தான் இருக்கிறது. அதாவது அது இந்தக் காலத்துச் சுர்க்கி!

சிமெண்ட் தண்ணியோடு சேர்ந்து இறுகும்போது உள்ளே கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சமாக உண்டாகிறது. சாம்பல் அந்த மிச்சத்தைப் பிடித்து இன்னும் பசை ஆக்கிவிடுகிறது. முல்லைப் பெரியாறில் நடந்த அதே சங்கதி. அதனால் அரசு விதிப்படி 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்த்து விற்கிறார்கள். மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருந்தால் அது சாம்பல் சிமெண்ட். பி.எஸ்.சி. என்று இருந்தால் இரும்பு உருக்காலைக் கசடு சேர்த்தது. இதில் ஓட்டை குறைவு, உப்புத்தண்ணி சீக்கிரம் உள்ளே இறங்காது. நம்ம மாதிரிக் கடற்கரை மாவட்டத்துக்கு இது ரொம்ப நல்லது.

சுண்ணாம்புக் கல் வெட்டுவதும் சுடுவதும்கூடக் குறையும். உலகத்தில் மனுஷர்கள் வெளியே விடுகிற கரியமில வாயுவில் சுமார் 7, 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பில் இருந்துதான் வருகிறதாம். நம்ம மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டினதால் அதில் இரண்டு தீவுகள் கடலுக்குள்ளே போய்விட்டன. சாம்பலை வீணாகக் கொட்டிவிட்டுத் தீவை வெட்டுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

ஆனால் ஒரு விஷயம். சாம்பல் சிமெண்ட் முதலில் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். சாதாரண சிமெண்டுக்கு 7 நாள் தண்ணி ஊற்றினால், இதற்குக் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் ஊற்ற வேண்டும். எங்க சித்தப்பா கொத்தனார். தளம் போட்டுவிட்டு வருகிற வீட்டில் எல்லாம் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் வருவார். மூணு நாள் ஊற்றிவிட்டு நிறுத்திவிடுவார்களாம். பிறகு வெடிப்பு விட்டால் சாம்பல் சிமெண்ட் சரியில்லை என்று பழி சொல்லுவார்களாம். தப்பு சாம்பலில் இல்லை, அவசரத்தில்தான் இருக்கிறது.

இதில் நாம் கற்றுக்கொள்வது

நண்பர்களே! உடைந்த செங்கல்லையும் எரிந்த சாம்பலையும் யாரும் பெரிசாக நினைப்பதில்லை. ஆனால் சரியான பொருளோடு சேர்த்து, ஈரம் காயாமல் பார்த்து, நாள் கொடுத்தால் அது ஆற்றையே தாங்குகிறது. பென்னிகுவிக்கும் அப்படித்தான். வெள்ளம் கொண்டுபோகப் போக, திரும்பத் திரும்பக் கட்டினார். பரீட்சையில் ஒரு தடவை மார்க் குறைந்தால் மனசு உடைகிற நம்மைப் போன்றவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கே செய்யுங்கள்: உங்கள் தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் காலி சிமெண்ட் மூட்டையைப் பாருங்கள். பி.பி.சி. என்று இருந்தால், 10 நாளாவது தண்ணி ஊற்றுங்கள் என்று அந்த வீட்டு அத்தை மாமாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
நாசரேத்.